துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புது ஆள் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ரைபிள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புதிதாக வருபவர்களைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்து பல வருடமாகிறது. வருகிறவர்கள் கேட்பதைவிட, பக்கத்து லேனில் சுடுகிற பழைய உறுப்பினர்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பதுதான் அதிகம். எல்லாம் அதே சந்தேகங்கள், ஆள்தான் வேறு. அவரவர் கேட்ட பாஷையிலேயே கேள்வியைப் போட்டிருக்கிறேன். இங்கே பேசுவது முழுக்க 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றி, அதாவது 10 மீட்டர் தூரத்து டார்கெட்டைக் காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகள். நம் ஊர் கிளப்களில் பெரும்பாலானவர்கள் தொடங்குவது அங்கேதான்.

1. லைசென்ஸ் இல்லாத ஆள் கையில துப்பாக்கியைக் கொடுக்கலாமா சார்? நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தா?

கொடுக்கலாம். 4.5 மி.மீ. பேரல் (குண்டு வெளிவரும் குழல்), 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி, இந்த இரண்டுக்குள் அடங்கும் ஏர்கன்னுக்கு 2016ஆம் வருட ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். நாம் போட்டிக்கு வைத்திருக்கும் 10 மீட்டர் ரைபிளும் பிஸ்டலும் தாராளமாக அதற்குள் அடங்கிவிடும். தோட்டா போட்டுச் சுடும் .22 துப்பாக்கி எல்லாம் வேறு கதை, முதல் நாள் வந்தவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைக் கேட்கிறவர்களுக்கு உண்மையில் உறுத்துவது சட்டம் இல்லை, யாரென்று தெரியாத ஆள் உள்ளே வருகிறாரே என்பதுதான். அதற்கு அடையாள அட்டை நகல், பதிவேட்டில் கையெழுத்து, இன்றைக்கு அவர் கூட நிற்கப்போகும் உறுப்பினர் யார் என்ற குறிப்பு, இந்த மூன்றும் இருந்தால் போதும். சிரித்த முகத்தோடே இதையெல்லாம் வாங்கலாம். வாசலிலேயே விசாரணைக் கைதி மாதிரி நிற்க வைத்தால் அவர் உள்ளே வந்தும் வாயைத் திறக்க மாட்டார். அதில் என்ன ஆபத்து என்பதை மூன்றாவது பதிலில் சொல்கிறேன்.

2. வந்த உடனே சுடணும்னு நிக்கிறாங்க. முதல்ல என்னத்தைச் சொல்லித் தர்றது?

மூன்றே விஷயம். பேரல் எப்போதும் டார்கெட் பக்கம். குறி பார்க்கத் தொடங்கும்வரை விரல் ட்ரிக்கரில் படக்கூடாது. 'ஸ்டாப்' என்று யார் சொன்னாலும், அது நேற்றுச் சேர்ந்த பையனாக இருந்தாலும், அப்படியே நிறுத்த வேண்டும். கூடவே, பேரலுக்குள் செருகும் அந்த ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக்கைக் காட்டி, அது வெளியே தெரிந்தால்தான் துப்பாக்கி காலி என்று அர்த்தம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தால் முதலில் சொன்ன அந்த மூன்றும் சேர்ந்து மறந்துபோகும். நிற்கும் விதம், மூச்சு, ஸ்கோர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு பெல்லட்டை, அதாவது ஏர்கன்னில் போட்டுச் சுடும் சிறு குண்டை, அவர் உள்ளங்கையில் வையுங்கள். முன்பக்கம் தட்டையாக இருக்கும், பின்பக்கம் குழிந்து பாவாடை மாதிரி விரிந்திருக்கும். டார்கெட் அட்டையில் ஓட்டை அவ்வளவு சுத்தமாக வட்டமாக விழுவதற்குக் காரணம் அந்தத் தட்டை மூக்குதான். புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் அதைத் தலைகீழாகப் போடுவார்கள், அல்லது விரல் நடுங்கித் தரையில் போட்டுவிட்டுக் குனிந்து தேடுவார்கள். குனியும்போது துப்பாக்கியும் கூடவே குனியும். 'விழுந்தா விழட்டும், இன்னொண்ணு எடுத்துக்கோங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது. பெல்லட் ஈயம், அதனால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோட் பண்ணும் பழைய ஆசாமிகள் நம்மிலேயே உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

பேரலை மடக்கி லோட் பண்ணும் ஸ்பிரிங் ஏர்கன்தான் உங்கள் கிளப்பில் இருக்கிறது என்றால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மடக்கிய பேரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் மறு கையால் பெல்லட்டை வைக்க வேண்டும். தவறி விசை விடுபட்டால் பேரல் படீரென்று மேலே வரும், விரல் மாட்டிக்கொள்ளும்.

3. சுட்டதும் துப்பாக்கியோட அப்படியே திரும்பிட்டார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு, கத்திட்டேன். தப்பா?

'ஸ்டாப்' என்று கத்தியதில் தப்பே இல்லை. அதற்குத்தான் அந்தச் சொல். தப்பு பெரும்பாலும் அதற்கு அப்புறம் நடக்கிறது. ஆபத்து விலகிய பிறகும் பத்து நிமிடம், எல்லார் முன்னாலும், 'துப்பாக்கின்னா விளையாட்டுப் பொருளா' என்று தொடங்கி ஒரு பேருரை. அந்த மனிதர் முகம் கறுத்துப் போய்விடும். அடுத்த முறை 'லோட் பண்ணினேனா இல்லையா' என்று ஞாபகமில்லாமல் நிற்கும்போது உங்களிடம் கேட்க மாட்டார், திட்டு விழும் என்று தானே பேரலைத் திருப்பி எட்டிப் பார்ப்பார். என்னைக் கேட்டால், 'எனக்குத் தெரியலை, கொஞ்சம் பாருங்க' என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்தவர்தான் ரேஞ்சிலேயே ஆபத்தில்லாத ஆள். அப்படிச் சொல்லும் தைரியம் அவருக்கு நாம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் வரும். பேரல் விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுங்கள்.

அவர் ஏன் திரும்புகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அட்டை நடுவிலிருக்கும் கறுப்பு வட்டத்தில் விழுந்துவிட்டது, பின்னால் நிற்கும் நண்பனிடம் காட்ட வேண்டும். அல்லது யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதனால் நண்பர்களைக் கோட்டுக்குப் பின்னால் உட்கார வைத்து, சுடும்போது கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் முதுகுப்பக்கம் நின்று பேசாதீர்கள். வலது தோளுக்குச் சற்றுப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். திரும்பத் தொடங்கினால் உங்கள் கை போய் பேரலை டார்கெட் பக்கம் தள்ளிவிடும், கத்தவே வேண்டியிருக்காது. துப்பாக்கியை மேசையில் வைத்து, ஃபிளாக் போட்டு, தணிந்த குரலில் நடந்ததைச் சொல்லுங்கள். அன்றைக்கே இன்னும் கொஞ்சம் சுட விட்டு அனுப்புங்கள், பயத்தோடு வீட்டுக்குப் போக வேண்டாம்.

4. முதல் நாள் ரைபிளா, பிஸ்டலா?

ரைபிள், அதுவும் ஸ்டாண்டில் தாங்கி வைத்து. போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்று விதி. பழகாத தோளால் அதை நின்றபடி தாங்க முடியாது. தாங்கி வைத்தால் குறி பார்ப்பது, ட்ரிக்கர் இழுப்பது என்ற இரண்டோடு முடிந்தது. ஒரே எச்சரிக்கை: போட்டி ஏர் ரைபிளின் ட்ரிக்கர் மிக லேசாக வைக்கப்பட்டிருக்கும், விரல் பட்டாலே குண்டு போய்விடும். பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும் என்ற விதி இருக்கிறது, ரைபிளுக்கு அது கிடையாது. முதலில் பெல்லட் போடாமல் டிரை ஃபயரில் சில முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் ஏர்கன்னில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பிஸ்டன் கெட்டுவிடும்.

பிஸ்டல்தான் வேண்டும் என்று வந்தவருக்குப் பிஸ்டலே கொடுங்கள். கிளப் பிஸ்டலின் மரக் கைப்பிடி பெரும்பாலும் வலக்கை, மீடியம் அளவு. கை சிறியதாக இருப்பவருக்கு விரல் ட்ரிக்கரை எட்டாது, இடக்கைக்காரருக்குப் பிடிக்கவே வராது. அவருக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டும் முன்னால் கைப்பிடியைப் பாருங்கள்.

5. பிஸ்டலை சினிமால மாதிரி ரெண்டு கையால பிடிக்கிறாங்க, போஸ் குடுக்கிறாங்க. எரிச்சலா வருது.

வரத்தான் செய்யும். ஆனால் அவர் துப்பாக்கியைப் பார்த்ததே சினிமாவில்தான், வேறு எங்கே பார்த்திருப்பார்? 10 மீட்டர் பிஸ்டல் ஒற்றைக் கையால் சுடுவது, போட்டியில் மறு கை தொடவே கூடாது என்று சொன்னால் பாதிப் பேர் வாயைப் பிளப்பார்கள். அந்த ஆச்சரியத்தைப் பிடித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கலாம். முதல் நாள் கை வலித்தால் மேசையில் தாங்கிச் சுட விடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

போட்டோ எடுக்கட்டும். கடைசியில், ஃபிளாக் போட்ட துப்பாக்கியோடு, பேரல் டார்கெட்டைப் பார்த்தபடி, நீங்களே எடுத்துக் கொடுங்கள். 'போட்டோ கூடாது' என்று சொல்லிவிட்டால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் செல்ஃபி எடுப்பார்கள். அதில் பேரல் எந்தத் திசையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

6. ஒரு கண்ணை மூடத் தெரியலைங்கறார். மூடினா ரெண்டும் மூடிக்குது.

மூட வேண்டியதே இல்லை. ஒரு கண்ணை இறுக்கினால் முகமெல்லாம் இறுகி, திறந்திருக்கும் கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். கண்ணாடியின் மேல் மங்கலான செலோ டேப் துண்டு ஒட்டலாம், அல்லது கண்ணுக்கு முன்னால் தொங்கும் பிளைண்டர் மாட்டலாம்.

அதற்கு முன்னால் எந்தக் கண் ஆளும் கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு அட்டையால் அவர் கண்களை ஒவ்வொன்றாக மறையுங்கள். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் அப்படியே தெரிகிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் என்று வந்தால் ரைபிளை இடது தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். தொடக்கத்திலேயே மாறுவது சுலபம், ஆறு மாதம் கழித்து மாறுவது பெரும்பாடு.

7. 'கை ஆடுது சார், எனக்கு இது வராது'ங்கறாங்க. என்ன பதில் சொல்றது?

எல்லாருக்கும் ஆடும் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. இதயம் துடிக்கிறது, மூச்சு போய் வருகிறது, ஆடாமல் இருக்குமா? 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவின் ரைபிளும் ஆடியிருக்கும், அளவு மிகச் சிறியதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆட்டத்தால் குண்டு கொஞ்சம்தான் விலகும். முள் (பேரல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன் சைட்) நடுவுக்கு வரும் நொடிக்காகக் காத்திருந்து, வந்தவுடன் 'இப்போ!' என்று ட்ரிக்கரை வெட்டி இழுக்கிறார்களே, அதில்தான் பெல்லட் எங்கேயோ போகிறது.

இதற்கு வாயால் விளக்குவதைவிட அட்டையைத் திருப்பிப் போடுவது மேல். பின்பக்க வெள்ளையில் துரத்துவதற்குக் கறுப்பே இல்லை. முள்ளை மட்டும் தெளிவாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தூக்கி வைத்துக் கொஞ்ச நேரத்தில் சுட முடியவில்லை என்றால் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் கை நடுநடுங்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பாவம்.

8. எல்லாம் கறுப்புக்கு வெளியிலேயே போகுது. ஆள் சோர்ந்து போயிட்டார்.

அட்டையைக் கொண்டுவந்து ஓட்டைகளைப் பாருங்கள். கீழே இடது மூலையில் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தால் அவர் அருமையாகச் சுட்டிருக்கிறார், குறி பார்க்கும் சைட்தான் அவருக்குச் சரியாக வைக்கப்படவில்லை. அவர் முன்னாலேயே சைட் திருகைச் சில கிளிக் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஐந்தும் கறுப்புக்குள் விழும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நாலு மூலைக்கும் சிதறியிருந்தால் சைட்டைத் தொடாமல் ஏழாவது பதிலுக்குத் திரும்புங்கள்.

ஸ்கோர் கணக்கை முதல் சில வாரங்களுக்கு மறந்துவிடச் சொல்லுங்கள். ஏர் ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மி.மீ. புள்ளி, பேனா முனையால் வைத்த மாதிரி இருக்கும். பிஸ்டலுக்குக்கூட 11.5 மி.மீ.தான். மின்னணு டார்கெட் என்றால் திரையைச் சற்றுத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு குண்டுக்கும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். போட்டியில் 60 குண்டு சுடுகிறோம் என்பதற்காக அவரையும் 60 சுட வைக்காதீர்கள். இருபதிலேயே தோள் களைத்துவிடும், அதற்கு மேல் சுடுவதெல்லாம் கெட்ட பழக்கம் பழகத்தான்.

9. நிக்கிறது தப்பு, பிடிக்கிறது தப்பு, மூச்சு தப்பு. எல்லாத்தையும் சொல்லித்தானே ஆகணும்?

ஒரு அட்டைக்கு ஒரு திருத்தம். மூன்று சொன்னால் மூன்றையும் யோசித்துக்கொண்டே சுடுவார், ஒன்றும் நடக்காது. பாதுகாப்பு மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது உடனே, எத்தனை முறை ஆனாலும். அப்புறம் ஒரு லேனுக்கு ஒரே வாத்தியார் இருங்கள். ஒருவர் 'இடது காலை முன்னால வை' என்று சொல்லிவிட்டுப் போக, டீ குடிக்க வந்த இன்னொருவர் 'காலைத் தள்ளி வை' என்று சொல்லிவிட்டுப் போகிறார். புதியவர் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாமல் நிற்கிறார்.

10. பெண்கள் யாராவது வந்தா நம்ம ஆளுங்க நாலு பேர் சுத்தி நின்னுடறாங்க. எப்படிச் சொல்றது?

நேராகவே சொல்லுங்கள். மேலே சொன்ன ஒரு லேனுக்கு ஒரு வாத்தியார் விதியைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டால் யாரையும் தனியாகக் குத்திக்காட்ட வேண்டியதில்லை. தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் முதலில் கேட்க வேண்டும், ஆண் என்றாலும்தான். பாதி நேரம் தொடவே தேவையில்லை, நீங்கள் நின்று காட்டினால் பார்த்துச் செய்துகொள்வார்கள். 'லேடீஸுக்கு இது போதும்' என்று பழுதான துப்பாக்கியைத் தள்ளிவிடும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் கொண்டுவந்தவர் மனு பாக்கர் என்பதை அவர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை.

11. அந்தக் கனமான ஜாக்கெட், பேண்ட், ஷூ எல்லாம் வாங்கச் சொல்லணுமா?

இப்போது வேண்டாம். ரைபிளுக்கு அவை உதவும் என்பது சரி, ஆனால் விலையைக் கேட்டாலே பாதிப் பேர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத ரேஞ்சில், அந்த ஜாக்கெட்டை மாட்டிவிட்டால் மிச்சப் பேரும் போய்விடுவார்கள். தட்டையான அடியுள்ள சாதாரண ஷூ போதும், செருப்பு வேண்டாம். பிஸ்டலுக்கு ஜாக்கெட்டே கிடையாது. 2024 பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார், படம் உலகமெல்லாம் சுற்றியது. அதைக் காட்டுங்கள்.

12. அப்பா ஒருத்தர் பையனைக் கூட்டிட்டு வந்து, 'எத்தனை மாசத்துல மெடல் வரும்'ங்கறார்.

அப்பாவை முதலில் உட்கார வையுங்கள். மனு பாக்கர் துப்பாக்கியைத் தொட்டதே 14 வயதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் பல வருடப் பயிற்சிக்குப் பிறகுதான். மாதக் கணக்கு சொல்லும் பயிற்சியாளர் யாராவது இருந்தால் அவரிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த நல்ல வைத்தியம், அப்பா கையிலும் பிஸ்டலைக் கொடுப்பது. பத்தில் ஒன்றுகூடக் கறுப்பில் விழாதபோது பையன் மேல் இருக்கும் எதிர்பார்ப்பு தானாகக் கொஞ்சம் இறங்கும். பையன் 'போதும் அங்கிள்' என்றால் போதும். அவனை இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு என்று இழுக்காதீர்கள்.

13. அறுபது வயசுக்காரர் வந்தா? கண்ணு வேற சரியில்லைங்கறார்.

வரட்டும். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கியபோது அவருக்கு வயது 72. பிஸ்டலில் பார்க்க வேண்டியது கை நீளத்தில் இருக்கும் முள்ளை, டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் போதும், சொல்லப்போனால் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். இரட்டைப் பவர் கண்ணாடி போட்டவர்கள் எந்தப் பகுதி வழியாகப் பார்ப்பது என்று தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள். கம்ப்யூட்டர் பார்க்க வைத்திருக்கும் தனிக் கண்ணாடி இருந்தால் அடுத்த வாரம் எடுத்து வரச் சொல்லுங்கள். இரண்டு சுற்றுக்கு நடுவில் நாற்காலி போடுங்கள், அவராக வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

14. நான்தான் புதுசு. கேள்வி கேட்டா முறைக்கிறாங்க. யாரைக் கேக்கறது?

சில பேர் நிஜமாகவே முறைப்பார்கள், அவர்களை விடுங்கள். ஆனால் பல நேரம் நீங்கள் கேட்ட நேரம்தான் காரணமாக இருக்கும். குறி பார்த்துக்கொண்டிருப்பவர் காதில் எதுவும் விழாது. சுட்ட பிறகும் ஓரிரு விநாடி அப்படியே நிற்பார், அதுவும் சுடுவதில் சேர்த்திதான். துப்பாக்கியை இறக்கி வைத்து, அட்டையைப் பார்க்கும்போது கேளுங்கள். பாதுகாப்புச் சந்தேகத்துக்கு மட்டும் நேரம் காலம் பார்க்காதீர்கள். அப்படியே நில்லுங்கள், பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், மறு கையைத் தூக்குங்கள். யாராவது வருவார்கள்.

15. எனக்கு மாநிலப் போட்டி வருது. இவங்களோட நின்னா என் பயிற்சி போகுதே?

போகும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். போட்டிக்கு முந்தைய வாரங்களில் உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். 'இன்னிக்கு முடியாது, அவர்கிட்ட கேளுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் மரியாதைதான். வேண்டாவெறுப்பாக, வாட்சைப் பார்த்துக்கொண்டே சொல்லித் தருவதற்கு அது எவ்வளவோ மேல். சிலிண்டரில் காற்று நிரப்புவதும் டார்கெட் வாங்குவதும் சந்தாப் பணத்தில்தான், புது ஆள் சேராத கிளப்பில் லேன்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்.

16. 'மொட்டை மாடியில புறா தொல்லை, அதுக்குத்தான் கத்துக்க வந்தேன்'ங்கறார். சொல்லித் தரலாமா?

அந்த எண்ணத்தோடு சொல்லித் தர வேண்டாம். பறவையைச் சுடப் போனால் சட்டச் சிக்கலில் மாட்ட நேரிடலாம், மாடியிலிருந்து விட்ட பெல்லட் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணிலும் படலாம். பலர் இது தெரியாமலேதான் சொல்கிறார்கள், கேட்டதும் அடித்துத் துரத்திவிடாதீர்கள். விஷயத்தைச் சொல்லி, மாடிக்கு வலை கட்டச் சொல்லி, அட்டையில் சுட ஆசை இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுங்கள். சிரித்துக்கொண்டே 'இல்ல சார், ரெண்டு புறா மட்டும்' என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

17. பொறுமை பொறுமைங்கறீங்க. ஒருத்தரை வேண்டாம்னு அனுப்ப வேண்டி வந்தா?

அனுப்பித்தான் ஆக வேண்டும். குடித்துவிட்டு வந்தவர், யார் மேலோ கோபத்தோடு வந்தவர், விளையாட்டுக்கு நண்பன் பக்கம் பேரலை நீட்டியவர். திரும்பியது தெரியாமல் திரும்பியவருக்கு மூன்றாவது பதிலில் சொன்னது பொருந்தும், தெரிந்தே நீட்டியவருக்கு அது பொருந்தாது. சொல்லியும் கேட்காமல் 'எனக்குத் தெரியும்' என்று நிற்பவரும் இந்தக் கணக்கில்தான் வருவார்.

முதலில் துப்பாக்கியை வாங்கி வையுங்கள், பேச்சு அப்புறம். வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போய், 'இன்னிக்கு வேண்டாம்' என்று ஒரே வரியில் சொல்லுங்கள், வாதாட வேண்டாம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பணத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பினால் சண்டை அங்கேதான் தொடங்கும். பதிவேட்டில் நடந்ததை எழுதி, செயலாளரிடமும் சொல்லிவிடுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வேறொரு உறுப்பினர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கக்கூடும்.